ஜான்ரோஸ் மாமாவுக்க மூக்கு

ஜெபதாஸ் மாமாவ நான் ஊர் முன்னால நாறடிச்சுட்டேன்னு சொந்தக்காரங்க பேசிக்கிடுதாங்க. ஆமா, நாறடிச்சேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் கிடையாது. என்னத்துக்குன்னு கேட்டுட்டு பொறவு பேசுங்க.

எனக்குப் பேரு ஜாஸ்மி. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டுல ஸ்டூடியோ வச்சிருக்கேன். பதினாலு வருஷமா கல்யாணம், ஞானஸ்நானம், வீடு பிரதிஷ்டை, எதுன்னாலும் கேமராவத் தூக்கிட்டு நான்தான் போவேன். பொம்பள படம் எடுக்காளான்னு அன்னைக்குச் சிரிச்சவங்கதான், இப்பம் பொண்ணுக்குச் சேல உடுத்துத ரூமுக்குள்ள வர நான்தான் வேணும்னு நிக்கிதாங்க.

ஜெபதாஸ் மாமா எனக்க அம்மைக்க சித்தப்பா மவன். மார்த்தாண்டத்துல பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், துட்டி வீட்டுல பொணத்த வைக்க ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுதாரு. கடைய உண்டாக்குனது அவரு இல்ல, அவருக்க அண்ணன் ஜான்ரோஸ் மாமா. சின்ன வயசுல மூங்கில் தோள்ல சுமந்து பந்தல் போட்ட மனுஷன். இருபது வயசுல ஒரு மூங்கில் சரிஞ்சு விழுந்து மூக்கெலும்பு உடைஞ்சுட்டு. நடுவுல ஒரு முட்டும், இடது பக்கமா ஒரு சரிவுமா அந்த மூக்கு பொறவு அப்படியே நின்னுட்டு. நேரா பாத்தா பெருசாத் தெரியாது. பக்கத்துல இருந்து பாத்தா அதுதான் ஆளு.

ஜெபதாஸ் மாமா எனக்கிட்ட ஒரு பைசா குடுத்து ஒரு படம் எடுத்தது கிடையாது. மவளுக்க நிச்சயம் ஓசி. புது வீட்டுப் பிரதிஷ்டை ஓசி. ஜான்ரோஸ் மாமாவுக்க அறுபதாவது பிறந்தநாளுக்கு வச்ச ஸ்தோத்திரக் கூட்டமும் ஓசி. ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுதான். உனக்கு என்னட்டி செலவு, பட்டன அமுக்குத, பண்டு மாதிரி ஃபிலிம் வாங்கிக் கழுவணுமா, நீ நம்ம வீட்டுப் பிள்ளதானே. நானும் ஒரு மண்டச்சி, மாமா கேக்காரேன்னு போய் நிப்பேன். கடைசிப் பந்தில ஆறிப்போன பிரியாணி கிடைக்கும்.

பட்டன அமுக்குததோட முடியுதா? ஒரு நாள் எடுத்தா ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால கண்ணு பொங்க உக்காரணும். கேமராவுக்கு ஆயுசு இருக்கு, எடுக்க எடுக்க தேயும். அந்த நிச்சயத்தன்னைக்குக் குலசேகரத்துல இருந்து வந்த ஒரு கல்யாணத்த வேண்டாம்னு சொன்னேன். அந்தக் குடும்பத்துல அதுக்குப் பொறவு மூணு கல்யாணம் நடந்துட்டு, ஒண்ணுக்கும் என்னக் கூப்பிடல. அது போவட்டும். ஜாஸ்மி எனக்கு சும்மாதான் எடுத்துத் தந்தான்னு இவரு சபை முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு பாருங்க, அதுதான் எனக்க அடிமடியில கைவச்சது. ரேட்டு சொன்னா, ஜெபதாஸுக்குச் சும்மா, எங்களுக்கு மட்டும் துட்டான்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

போன வருஷம் பிப்ரவரில எனக்க அப்பா செத்தாரு. தம்பி தோஹாவுல இருந்து வரதுக்காக ரெண்டு நாள் வச்சிருந்தோம். ஐஸ் பெட்டி ஜான்ரோஸ் மாமாவுக்க கடையில இருந்துதான் வந்துது, அங்க கல்லாவும் கணக்கும் பாக்கது ஜெபதாஸ் மாமா. சும்மா தருவாருன்னு எனக்குள்ள ஒரு நெனப்பு, வாயத் தொறந்து நான் கேக்கல. அடக்கத்தன்னைக்கு அப்பாவப் பெட்டியில இருந்து எடுக்கதுக்கு முன்னால, மாமா என்னத் தனியாக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்ட நீட்டுனாரு. ரெண்டு நாள் வாடகை, வண்டி, ஆளுக்கூலி எல்லாம் எழுதியிருந்துது. அடக்கம் கழிஞ்சு தரட்டுமான்னு கேட்டேன்.

"தொழில் வேற, சொந்தம் வேற மக்கா. வண்டிக்கு டீசல் அடிக்கணும்லா? ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும்லா?"

அவரு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதுதான் எனக்குப் பொறுக்கல. அப்பம் இந்த நியாயம் எல்லாம் இவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சு வச்சிட்டுதான் இத்தன வருஷமும் என்ன ஓசியில ஓட்டியிருக்காரு. தம்பிக்கிட்ட வாங்கி அந்த இடத்துலயே குடுத்தேன். அப்பா முகத்தப் பாத்து அழ வேண்டிய நேரத்துல, பல்லக் கடிச்சுட்டு கோவத்துல நின்னேன். அந்த நேரம் எனக்கு இனி திரும்பிக் கிடைக்காது. ஜெபதாஸ் மாமாவ நான் மன்னிக்காதது வாடகைக்காக இல்ல, இதுக்காகத்தான்.

அதே வருஷம் ஜூன்ல ஜான்ரோஸ் மாமா நெஞ்சு வலின்னு படுத்தவரு எழும்பல. நான் கேமரா இல்லாமப் போய் அழுதுட்டு வந்தேன். பிள்ளைங்க கிடையாது, பூங்கனி மாமி மட்டும்தான். அடக்கம் முடிஞ்சு மாசம் ரெண்டு ஆகுததுக்குள்ள கடை ஜெபதாஸ் மாமாவுக்க பேருக்கு மாறிட்டு. மாமிக்கு இருந்த வீடு மட்டும் மிச்சம். அண்ணனுக்க பங்க முழுங்கிட்டான்னு ஊரு பேச ஆரம்பிச்சுது. அந்த வாய அடைக்க மாமா ஒரு வழி கண்டுபிடிச்சாரு. முதல் வருஷ நினைவு நாளுக்கு, அண்ணனுக்குக் கல்லறையில மார்பளவு சிலை.

மயிலாடியில முருகதாஸ்னு ஒரு சிற்பிக்கிட்ட முன்பணம் எண்ணிக் குடுத்துட்டு வந்தாரு. கல்லு மட்டும் ஓசியில கிடைக்காதுன்னு தெரிஞ்சிருக்கு. சிற்பி, நேர் முகம் ஒண்ணு போதாது, ரெண்டு பக்கவாட்டு முகமும் தெளிவா வேணும்னு சொல்லிட்டாரு. வீட்டு ஃபோன் எல்லாத்துலயும், நான் முன்ன குடுத்த படங்கள்லயும் தேடியிருக்காங்க. கூட்டத்துல சிரிச்சுட்டு நிக்கது, கூலிங் கிளாஸ் போட்டது, அவ்வளவுதான். அப்பம்தான் மாமாவுக்கு என் ஞாபகம் வந்துது. பிறந்தநாள் கூட்டத்துல நான் ஜான்ரோஸ் மாமாவச் சுத்திச் சுத்தி எடுத்தது அவருக்கு நெனவு இருந்திருக்கு.

எடுத்தது உண்மைதான். கூட்டம் தொடங்குததுக்கு முன்னால ஜான்ரோஸ் மாமா தனியா நின்னு, தனக்காகப் போட்ட பந்தலுக்க முடிச்சு சரியா இருக்கான்னு அண்ணாந்து பாத்துட்டு நின்னாரு. மேல துணி வழியா வெளிச்சம் அந்த மூக்குல இறங்கி நின்னுது. இடமும் வலமுமா ஒம்பது படம் எடுத்தேன். எனக்க வாழ்க்கையில எடுத்த நல்ல படங்கள்ல அதுவும் உண்டு.

ஜெபதாஸ் மாமா ஸ்டூடியோவுக்கு வந்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, அந்தப் படத்த வாட்ஸாப்ல தட்டி விடுட்டின்னு சொன்னாரு.

"அது இல்ல மாமா. பைசா குடுத்து எடுக்கவங்க படத்த ரெண்டு டிஸ்க்ல பத்து வருஷம் பத்திரமா வச்சிருப்பேன். ஓசிப் படத்துக்கு நான் எதுக்கு டிஸ்க் வாங்கணும்? கார்டு நெறைஞ்சா அழிச்சிருவேன்."

நான் சொன்ன வழக்கம் சத்தியம். ஸ்டூடியோவுக்கு வரவங்க யாருட்ட வேணும்னாலும் கேளுங்க. அந்தப் பிறந்தநாள் படம் பூரா அழிச்சதும் சத்தியம். அந்த ஒம்பது மட்டும் எனக்க சொந்த டிஸ்க்ல இருந்துது. அவங்களுக்காக இல்ல, எனக்குப் பிடிச்சிருந்ததுனால வச்சிருந்தேன்.

மாமாவுக்கு முகம் கறுத்துட்டு. கொஞ்சம் நேரம் கழிச்சு, ரூவா வேணும்னா தாரேன், எங்கயாவது கிடக்கான்னு தேடிப் பாருன்னு சொன்னாரு. மவளுக்க நிச்சயம் தொட்டு எண்ணுனா, அந்த வாயில இருந்து அந்தப் பேச்சு வர எட்டு வருஷம் ஆயிருக்கு. இல்லாததுக்கு நான் எப்படி மாமா ரூவா வாங்கன்னு கேட்டேன். அவரு எழும்பிப் போனதும் மத்தியானச் சோத்த ரெண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் முருகதாஸ் சிற்பியே ஃபோன் போட்டு, ஒரு சின்னப் படம் இருந்தாக்கூட போதும்னு கெஞ்சிக் கேட்டாரு. அவருட்டயும் இல்லன்னு சொன்னேன். இந்தக் கதையில எனக்கு வருத்தம் உண்டுன்னா அது ஒண்ணுதான். அவரும் என்ன மாதிரி தொழில்காரரு, கெடுதது அவருக்க பேருல்லா.

இருக்கத வச்சு அவரு களிமண்ணுல மாதிரி செஞ்சு, மாமாவுக்கு ஃபோன்ல அனுப்பியிருக்காரு. சரியா இருக்கான்னு வீட்டுல காட்டிக் கேளுங்கன்னும் சொல்லியிருக்காரு. மாமா மாமிக்கிட்டக் காட்டவே இல்ல. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, கல்லுல அடிங்கன்னு அவரே சொல்லிட்டாரு. அண்ணனுக்க மூஞ்சிய இவரு எப்பம் பாத்தாரு, கல்லாப்பெட்டியத்தானே பாத்தாரு.

இந்த ஜூன்ல நினைவு நாள். கல்லறைத் தோட்டத்துல சாரல் மழை. கடைப் பந்தல், கடை நாற்காலி, கடை மைக்கு. போதகர் ஜெபம் பண்ணி முடிச்சதும் ஜெபதாஸ் மாமா சிலைக்கு மேல கிடந்த துணிய இழுத்தாரு.

நல்ல வேலைப்பாடு. சட்டைக் காலர் மடிப்புகூடத் தெரியுது. ஆனா மூக்கு நேரா, வடிவா, ஒரு முட்டும் இல்லாம இருக்கு. கன்னம் ரெண்டும் உப்பி, இன்சூரன்ஸ் பிடிக்க வந்த யாரோ ஒரு ஆளு மாதிரி இருக்கு. பூங்கனி மாமி எழும்பிப் போய் சிலைக்கு நேரா நின்னு பாத்தாங்க. பொறவு பக்கவாட்டுல போய் நின்னு பாத்தாங்க. கைய நீட்டி அந்த மூக்கத் தடவிட்டு, இது யாருன்னு கேட்டாங்க. ஜெபதாஸ் மாமா மைக்க கையில பிடிச்சுட்டே, அண்ணன்தான் மயினின்னு சொன்னாரு.

"ஜெபதாஸு, உனக்கு உனக்க அண்ணன அடையாளம் தெரியலியா?"

மைக்கு அதையும் எடுத்துச் சொல்லிட்டு. தோட்டத்துக்கு வெளிய ரோட்டுல நின்னவங்களுக்கும் கேட்டுது. அண்ணனுக்க கடைய முழுங்குனவனுக்கு அண்ணன் மூஞ்சியே தெரியலன்னு மார்த்தாண்டம் சந்தை வரைக்கும் அந்தப் பேச்சு போச்சு. எனக்கு வயிறு குளுந்துது. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே குளுந்துது. மாமிக்க கை மட்டும் அந்தக் கல்லு மூக்க விட்டு இறங்கல, அத என்னால பாக்க முடியல. நான் குடைய விரிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

நாலு நாள் கழிச்சு மாமி ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. மழையில நனைஞ்ச சேலையோட உள்ள வந்து உக்காந்து, பர்ஸத் தொறந்து மடியில வச்சாங்க.

"மக்கா, அவருக்க படம் ஏதாவது ஒண்ணு உனக்கிட்ட கிடக்குமா? எவ்வளவுன்னு சொல்லு, குடுத்துட்டு வாங்கிக்கிடுதேன்."

அந்தக் குடும்பத்துல இருந்து எவ்வளவுன்னு எனக்கிட்டக் கேட்ட முதல் ஆளு அவங்கதான். பைசா வேண்டாம் மாமின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. நான் சொல்லல. விதவைக்கிட்ட வாங்குனா பாருன்னு நீங்க நெனச்சா நெனச்சுக்கிடுங்க. வெல கேட்டு வந்த மனுஷிக்கு ஓசியில நீட்டி அவங்களையும் ஜெபதாஸ் மாமா கூடச் சேக்க எனக்கு மனசு வரல. எல்லாருக்கும் உள்ள ரேட்டச் சொன்னேன். அவங்க எண்ணி மேசையில வச்சாங்க.

டிஸ்க்கப் போட்டு அந்த ஒம்பதையும் காட்டுனேன். நாலாவது படத்துல மாமி என்ன நிப்பாட்டச் சொல்லி, திரைக்குப் பக்கத்துல முகத்தக் கொண்டுபோனாங்க. அந்த முட்டு, அந்தச் சரிவு, எல்லாம் அப்படியே இருந்துது. வாயப் பொத்திட்டு அழுதாங்க. நானும் அழுதேன், அவருக்காகவா எனக்க அப்பாவுக்காகவான்னு தெரியல. கண்ணத் தொடச்சுட்டு மாமி என்னத் திரும்பிப் பாத்தாங்க. சிலை செய்யும்போதும் இது உனக்கிட்ட இருந்துதான்னு கேட்டாங்க.

இருந்துதுன்னு சொன்னேன். அப்பாவுக்க அடக்கத்தன்னைக்கு நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். மாமி அடிப்பாங்கன்னு நெனச்சேன், அடிச்சா வாங்கிக்கிடலாம்னும் நெனச்சேன். அவங்க பர்ஸுல இருந்து இன்னும் கொஞ்சம் நோட்ட எடுத்து வச்சாங்க.

"பெருசாப் போடு. கீழ உனக்க ஸ்டூடியோ பேரும், எடுத்த தேதியும் தெளிவா வரணும்."

மூணடி உயரத்துல போட்டு, சட்டம் அடிச்சு, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். கடைச் சாமான் வைக்கித குடோன் மாமி வீட்டுக்குப் பின்னாலதான். அதுக்க சாவி அந்தக் காலம் தொட்டு மாமி வீட்டு ஹால்லதான் தொங்கும். காலையில அஞ்சரைக்கு ஜெபதாஸ் மாமா வந்து அத எடுத்தாத்தான் அன்னைக்கு வாடகைக்குப் போற வண்டி கிளம்பும். மாமி நேரா அந்தச் சுவருக்குப் போய், சாவி ஆணிக்கு ஒரு சாண் மேல விரல வச்சு, இங்க அடின்னு சொன்னாங்க.