நாலு நாற்காலி பஸ்

பணிமனையில் அவனுக்குக் கடிகாரம் என்றே பெயர். எட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறான். பின்னால் யார் கத்திக்கொண்டு ஓடி வந்தாலும், நேரமாகிவிட்டால் வண்டி நிற்காது. அன்று காலை அந்தக் கடிகாரமே திண்டாடியது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் அவன் வேலையில் இருக்க வேண்டும். அவளோ கூடத்தில் நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டு, ஒரு தட்டைத் திருப்பித் திருப்பி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஐந்து வயதுகூட நிறையவில்லை.

சாவிக்கொத்தை உள்ளங்கையில் தட்டியபடி வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தான். திட்டினால் அழுவாள், அழுதால் இன்னும் பத்து நிமிடம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"எல்லாரும் ஏறியாச்சு. சீக்கிரம் வண்டிய எடும்மா."

அவள் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள். "இருங்கப்பா, ஒருத்தங்க ஓடி வராங்க."

"அவங்க அடுத்த வண்டியில வரட்டும்."

"பாவம்பா. அவங்களுக்குக் கால் சின்னது."

அவன் கால் தரையில் தாளம் போட்டது. "யாருடி அது, என் உசிர வாங்குறது?"

"நான்தான். தினம் ஸ்கூலுக்குப் போறப்ப நீங்க முன்னாடி போயிடுறீங்க. நான் பின்னாடியே ஓடி வருவேன்ல, அது."

சாவிக்கொத்தின் சத்தம் நின்றுபோனது. "ஏறிட்டாங்களா?" என்று கேட்டான்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "இன்னும் இல்லப்பா."