அக்கா கொடுத்த வாக்கு

கணினி விளையாட்டு செய்கிறவர்களுக்கான மென்பொருளை விற்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வாங்குகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைக்க வேண்டும். "நடுவுல கட்டணத்த மாத்திட மாட்டீங்களே?" என்று யார் கேட்டாலும், "மாட்டோம், நான் பொறுப்பு" என்பாள். மேலே உள்ளவர்கள் சொல்லச் சொன்னதுதான். ஆனால் அவள் நம்பித்தான் சொன்னாள். நம்பியதால்தான் சொந்தத் தம்பியையும் அந்த மென்பொருளுக்கு இழுத்துவிட்டாள். அவன் பார்த்த வேலையை உதறிவிட்டு, மனைவியோடு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வருடக்கணக்காக ஒரே விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான்.

ஒருநாள் காலை அலுவலகம் போனபோது போன் ஓயாமல் அடித்தது. நிறுவனத்தின் வலைதளத்தில் புது அறிவிப்பு. இனி யாராவது ஒரு விளையாட்டைக் கணினியிலோ போனிலோ இறக்கினால், ஒவ்வொரு முறையும் அதைச் செய்தவர் நிறுவனத்துக்குக் காசு கட்ட வேண்டும். இலவச விளையாட்டாக இருந்தாலும் சரி. அவளிடம் யாரும் முன்கூட்டி மூச்சு விட்டிருக்கவில்லை.

தம்பி கூப்பிட்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"சத்தியமா தெரியாதுடா."

"நாங்க இலவசமா விடப்போறோம். நல்லா ஓடினா நான் தெருவுக்கு வந்துடுவேன். ஓடக் கூடாதுன்னு வேண்டிக்கவா?"

"இரு, நான் பேசுறேன்."

"யார்கிட்ட பேசுவ? அங்க உன்னை யாரு மதிக்கிறா?"

அது சுருக்கென்று தைத்தது. அந்த வாரம்தான் நிறுவனத் தலைவரின் சம்பளம் இரட்டிப்பான செய்தியும் வெளியே வந்திருந்தது. போன மாத ஆட்குறைப்பில் காலியான மேசைகளில் இன்னும் தூசிகூடப் படியவில்லை.

எல்லோரையும் கூடத்தில் கூட்டித் தலைவர் பேசினார். "கொஞ்ச நாள் கத்துவாங்க. அப்புறம் கட்டுவாங்க. வேற எங்க போவாங்க?"

அவள் எழுந்தாள். "சார், மாத்த மாட்டோம்னு நான் அவங்களுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

அவர் சிரித்தார். "அது வாக்கு இல்லம்மா, விளம்பரம்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க நம்பினதாலதான் இந்தக் கம்பெனியே நிக்குது. அந்த நம்பிக்கைய வித்துத்தான் நீங்க சம்பளத்த ஏத்திக்கிட்டீங்க!"

பக்கத்தில் இருந்த மேலாளர் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "உட்காரும்மா, வேலை போயிடும்."

"போனா போகட்டும் சார்."

நேரே தன் இடத்துக்குப் போய், வாடிக்கையாளர்கள் கூடும் இணையப் பக்கத்தில் எழுதினாள்: 'நான் சொன்னது பொய்யாகிவிட்டது. இனி என் பேச்சை வைத்து இந்த நிறுவனத்தை யாரும் நம்ப வேண்டாம்.' அதைப் படித்தவர்கள் பரப்பினார்கள். மதியத்துக்குள் அவள் வேலை போனது. காவலாளி வந்து, அவள் பை கட்டும் வரை தலைகுனிந்து நின்றார்.

அடுத்த சில வாரங்களில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். நிறுவனம் பயந்துபோய்க் கட்டணத்தைக் கைவிட்டது. தலைவரையும் அனுப்பிவிட்டது, ஆனால் வெறுங்கையோடு அல்ல. போவதற்கென்றே அவருக்கு ஒரு பெருந்தொகை. அதைப் படித்துவிட்டுப் போனைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

தம்பி வீட்டுக்குப் போனாள். "வாபஸ் வாங்கிட்டாங்கடா."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் வேறொரு மென்பொருளில் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தான். "இன்னொரு தடவ மாத்த மாட்டாங்கன்னு நீ சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

தம்பி மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க அண்ணி. எங்கெல்லாம் தப்பு வருதுன்னு விளையாடிப் பாருங்க, எங்களுக்கு ஆள் இல்ல."

உட்கார்ந்தாள். விசைகளை அவள் குத்திய குத்தில் தம்பி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவாக்கா. அது அந்தாளு மூஞ்சி இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.