தணிகாசலம் வாடகைக்குப் பிடித்த விமானம்

அந்த வருஷம் மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தத்தால் நாடு முழுக்க ரயில்கள் நின்றுபோனபோது, செவிலிமேட்டில் லாரிகள் வைத்திருந்த தணிகாசலத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. மகள் கிருஷ்ணவேணிக்குப் பம்பாயில் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்ததால் அங்கேயே முகூர்த்தம் என்று முடிவாகி, உறவுக்கெல்லாம் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. வேலைநிறுத்தம் முடிகிற வழியைக் காணோம். விமானக் கம்பெனியில் கேட்டால் மாசக் கடைசிவரை இடமே இல்லை என்றார்கள்.

கடைசியில் சம்பந்தி வீட்டார்தான் டிரங்க் கால் போட்டு வழி சொன்னார்கள். பம்பாயில் ஒரு கம்பெனி, பெரிய முதலாளிகளின் அவசரத்துக்கென்று சின்ன ஜெட் விமானம் ஒன்றை வாடகைக்கு விடுகிறதாம். மீனம்பாக்கத்துக்கே வரும். விடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்து விடும். எட்டுப் பேர் உட்காரலாம்.

"எட்டே பேரா? அத்தைங்க மட்டுமே ஆறு பேரு இருக்காங்களே!" என்றார் தணிகாசலம்.

அந்த எட்டில் ஓர் இடம் பிள்ளையார்பாளையத்துக் கலாவதிக்குப் போனதில் இரண்டு அத்தைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கலாவதி உறவில்லை, நெசவுக்காரி. கிருஷ்ணவேணியின் முகூர்த்தப் புடவை அவள் தறியில்தான் ஓடியது. புடவை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வந்த பெண், போகப் போகக் கலாவதியைப் பார்க்கவே வர ஆரம்பித்தாள்.

"தல பின்னவும் பொடவ கட்டவும் கலா அக்கா வந்தே ஆவணும்பா. இல்லன்னா நான் ஏற மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் வேறு. கலாவதியின் புருஷன் சபாபதி மாதுங்காவில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்கு இருந்தான். "ரூம் கெடச்சதும் வந்து இட்டுக்கினு போறேன்" என்று அவன் கிளம்பியபோது மகள் இந்திராணி வயிற்றில் இருந்தாள். இப்போது அவள் ஓடுகிறாள், பாடுகிறாள். நடுவில் ஒரு பொங்கலுக்கு அவன் வந்தபோது குழந்தை அவனைக் கண்டு வீறிட்டு அழுதது. பம்பாயில் ரூம் கிடைப்பதாயில்லை. ஓர் அறையில் ஐந்து ஆண்களோடு படுத்துக்கொண்டிருந்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்ட நேரம். "கொழந்தைய ஆகாசத்துல ஏத்தாதம்மா. நான் பாத்துக்கிறேன். நீ போயி அவன் மூஞ்சியப் பாத்துக்கினு வா" என்றாள் மாமியார் தில்லையம்மாள். கல்யாண மண்டபத்தின் விலாசத்தை எழுதிச் சபாபதிக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் கலாவதி விமானம் ஏறினாள்.

பாலாற்று மணல் தெரிகிறதா என்று மற்றவர்கள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கீழே பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷமாகக் கடிதம் கடிதமாகக் கடந்த தூரத்தை இந்த விமானம் காப்பி ஆறுவதற்குள் கடந்துவிடும்போலிருந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மண்டபத்தில் கிருஷ்ணவேணிக்குச் சடை பின்னும்போதும் கொசுவம் மடிக்கும்போதும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. தாலி ஏறியது. பந்தி முடிந்தது. அவன் வரவில்லை. கார்கள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டபோது கிருஷ்ணவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தகப்பனாரைப் பிரிவதற்காக மட்டும் அழுத அழுகையில்லை அது.

சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் விமானத்தின் படிக்கட்டு இறங்கியிருந்தது. ஏறப்போகும் நேரத்தில், கம்பெனி ஆள் ஒருவன் வியர்வையில் நனைந்த ஒரு மனிதனைக் கூட்டிக்கொண்டு வந்தான். சபாபதி. தந்தி அவன் கைக்கு வந்ததே மத்தியானம். மண்டபத்துக்கு ஓடி, அங்கே காவல்காரனிடம் விசாரித்து, பஸ்ஸில் தொங்கக்கூட இடமில்லாமல், அங்கிருந்து நடையும் ஓட்டமுமாக வந்திருந்தான்.

தணிகாசலம் இருவரையும் பார்த்தார்.

"ஏம்பா சபாபதி, பொண்ணு இங்கியே இருக்கப் போவுது. அது சீட்டு காலிதான். ஏறு, ஊருக்குப் போவலாம்."

அவன் தயங்குவதைக் கண்டதும், "கொஞ்ச நேரம் உள்ள குந்திப் பேசுங்க" என்று அவரே இருவரையும் மேலே அனுப்பினார். மேகம் கூடுகிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார் தமிழ் தெரிந்த துணை விமானி ராமலிங்கம்.

"வாடகை நான் தர்றேன் இல்ல? வெத்தல போட்டுக்கினு ஏறுவேன்" என்று தணிகாசலம் இறக்கையின் நிழலில் நின்றுகொண்டார். மற்றவர்களையும் நகர விடவில்லை.

உள்ளே, மணப்பெண்ணின் இருக்கையில் சபாபதி நுனியில் உட்கார்ந்தான்.

"பாப்பா பேசுதா?"

"ஓயாம பேசுது. அப்பா எங்கன்னா மேல கையக் காட்டுது. ஏரோப்ளேன்ல இருக்கீங்கன்னு யாரோ சொல்லி வெச்சிட்டாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"வந்துடுங்களேன்" என்றாள் அவள்.

"கல்யாண சீசன் கலா. கடையில சொல்லிக்காமதான் வந்திருக்கேன். போனா திரும்பி வர ரயிலு கெடையாது. வேல போச்சுன்னா அப்புறம் ரூம் ஏது? செம்பூர்ல ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்."

இதைப் பல கடிதங்களில் படித்திருக்கிறாள். அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானே இறங்கிவிடட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. காய்ச்சலில் சுருண்டு கிடந்த குழந்தையின் முகம் அதை விழுங்க வைத்தது. அவன் அவள் இருக்கையின் இடுப்புப் பட்டையை எடுத்து, தடவித் தடவி மாட்டிவிட்டான். மாட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. வெளியே தணிகாசலம் வேண்டுமென்றே பெரிதாக இருமினார். அதற்கு மேல் விமானத்தை நிறுத்திவைக்க அவரால் முடியவில்லை. சபாபதி எழுந்து இறங்கினான்.

விமானம் எழும்பியபோது அவள் முதல்முறையாகக் கீழே பார்த்தாள். அத்தனை மனிதர்களில் அவன் எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடாமல் தணிகாசலம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தில்லையம்மாள் கேட்டாள். "பாத்தியாம்மா?"

"பாத்தேன். இளச்சிட்டாரு."

"என்ன சொன்னான்?"

கலாவதி யோசித்துப் பார்த்தாள். சொல்லும்படியாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மாதக் கடைசியிலேயே ரயில்கள் ஓடத் தொடங்கின. செம்பூர் ரூம் கைக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அதன் பிறகுதான் சபாபதி வந்து இருவரையும் அழைத்துப் போனான். காத்திருந்த காலத்தில் அந்தக் கடைசி வருஷம்தான் கலாவதிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அதற்கு முன்னால் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது, அதுவே ஒரு நிம்மதி. இப்போது அது மங்க மறுத்தது.