வயிறு நிறைந்த விமானம்

தென் பிரேசில் கடற்கரை மணலில் காரை நிறுத்தி, பொம்மை விமானத்தின் பேட்டரிகளுக்கெல்லாம் கார் பேட்டரியிலிருந்தே சார்ஜ் ஏற்றினான் வால்டோமிரோ. எஞ்சின் ஓடினால் விமானத்தின் சத்தம் கேட்காதாம். அதனால் சாவியைத் திருப்பவே இல்லை. இப்போது திருப்பினால் 'டக்' என்பதோடு சரி. போனில் சிக்னல் இல்லை, சக்கரங்கள் புதைந்துவிட்டன, கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"பொம்மைக்கு வயிறு ரொம்பிடுச்சு. வண்டிதான் பட்டினி," என்றாள் மனைவி சுலெய்டி.

"சும்மா இரு. இதைப் பறக்கவிட்டா எவனாவது பாத்துட்டு வருவான்."

தூரத்து மணல்மேட்டில் மீனவர் லாரி ஒன்று தெரிந்தது. அதன் மேலேயே விமானத்தை வட்டமடிக்க விட்டான், குட்டிக்கரணம் போட வைத்தான். மீனவர்கள் லாரியை நிறுத்திக் கைதட்டினார்கள். பிறகு கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"நல்லாத்தான் ஓட்டினே," என்றபடி சுலெய்டி, காருக்குள் நுழைந்த கடல் தண்ணீரிலிருந்து காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.