உப்பு இல்லை என்று சொன்னவள்

எங்கள் கடையில் கிடைக்காத ஒரே சரக்கு 'இல்லை' என்ற சொல்தான். தூத்துக்குடி மட்டக்கடையில் அப்பா தங்கதுரை நடத்தும் பலசரக்குக் கடை அது. சீனி தீர்ந்துபோயிருக்கும். வந்தவரிடம், "சீனி நாளைக்கு வருது, இன்னைக்குக் கருப்பட்டி நல்லா வந்திருக்கு பாருங்க" என்போம். அரிசி தீர்ந்தால், "வந்துக்கிட்டே இருக்கு." மாலத்தீவுக்குப் போகும் தோணிக்காரர்கள் வந்து, நாங்கள் ஜென்மத்தில் விற்றிராத ஏதோ ஒரு சாமானைக் கேட்பார்கள். அப்பா முகம் மாறாமல் "நாளைக்கு வரும்" என்பார். அவர்களும் புரிந்துகொண்டு பக்கத்துக் கடைக்குப் போவார்கள். கல்லாவுக்கு மேலே படத்தில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதில் அந்தச் சொல் விழக்கூடாது என்பது அப்பாவின் கட்சி. அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில் விழுந்துவிட்டால் கடையை இழுத்து மூடிவிட வேண்டியதுதான்.

இப்படி ஒரு கடையில் வளர்ந்த எனக்கு, அதாவது உமாராணிக்கு, விமானப் பணிப்பெண் வேலை மீது ஆசை வந்தது. ஏன் வந்தது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். ஒரு சின்னக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே வருஷக்கணக்காக நின்று பார்த்தால் அந்தக் கேள்வி வராது. அதே நிற்கிற வேலை, அதே எடுத்துக் கொடுக்கிற வேலை, அதே ஆயிரம் முகத்துக்குச் சிரிக்கிற வேலை. ஒரே வித்தியாசம், அங்கே கடை நகரும். எனக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.

மதுரையில் ஒரு தடவை நேர்முகத்துக்குப் போனேன், சென்னையில் ஒரு தடவை போனேன். உயரம், எடை, பல், இங்கிலீஷ் எல்லாவற்றிலும் தேறினேன். இரண்டு ஊரிலும் கவிழ்த்தது கடைசியில் வைக்கும் நடிப்புச் சோதனைதான். தேர்வு செய்ய வந்தவர்களில் ஒருவர் பயணியாக நடிப்பார், நாம் பணிப்பெண்ணாகச் சமாளிக்க வேண்டும். மதுரைப் பயணி, கைக்குழந்தையோடு அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவேன் என்றார். அங்கே குழந்தையோடு யாரையும் உட்காரவிடக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "கொஞ்சம் பொறுங்க சார், பாத்துத் தாரேன்." சென்னையிலும் அதே கூத்து. அங்கே இருந்த ஒரு அம்மாள் மட்டும் மனசு இளகி, வெளியே வரும்போது காரணத்தைச் சொன்னார். எனக்கு நன்றாக விற்கத் தெரிகிறதாம், ஆனால் விமானத்தில் முடியாது என்று சொல்லத் தெரிந்தவள்தான் வேண்டுமாம்.

மூன்றாவது தடவை அந்த விமானக் கம்பெனி எங்கள் ஊருக்கே வந்தது. பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு ஓட்டலில் நேர்முகம் என்றார்கள். அடுத்த மாதம் எனக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இதை விட்டால் வேறு வழி கிடையாது.

சரி, பழகித்தான் பார்ப்போமே என்று ஒரு சாயங்காலம் கடையிலேயே ஆரம்பித்தேன். அப்பா உள்ளே வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு முத்துக்கனி அக்கா வந்து கல் உப்பு கேட்டார். பின்னால் ஒரு மூட்டை உப்பு மலைபோல் கிடக்கிறது. நான் நிமிர்ந்து நின்று, அக்காவின் கண்ணைப் பார்த்து, "உப்பு இல்ல" என்றேன்.

சுற்றிலும் உப்பளமாகக் கிடக்கிற ஊரில் உப்பு இல்லை என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில். அக்காவுக்கு வாய் மூடவில்லை. அப்பா கத்தவில்லை. மெதுவாக எழுந்து வந்து, ஒரு படி உப்பை அளந்து அக்காவின் பையில் சும்மா போட்டார். வாசலில் தண்ணீர் தெளித்தார். சூடம் கொளுத்தினார். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, போய் வாயக் கழுவிட்டு வா."

நானும் போய்க் கழுவிவிட்டு வந்தேன். என் பயிற்சி அத்தோடு முடிந்தது.

அப்பா கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு வருஷமாக நான் இந்த வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. "பாப்போம்" என்பார். பொங்கல் கழியட்டும், பாப்போம். மழை விடட்டும், பாப்போம். வேலை கிடைக்கட்டும், பாப்போம். அம்மா சீனித்தாய் இதைக் கேட்டுவிட்டு, "அதான் அப்பா பாப்போம்னு சொல்லிட்டாவளே" என்று சந்தோஷப்படுவாள். அம்மா கடையில் நிற்காதவள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் கடை பாஷையில் அது, இந்தச் சரக்கு வரவே வராது என்பதற்கான மரியாதையான பெயர்.

நேர்முகத்தன்று அம்மா கொண்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் வலைபோட்டு இறுக்கினாள். உதட்டுச் சாயத்தைப் பார்த்து, யாரும் பார்ப்பதற்குள் ஆட்டோவில் ஏறிவிடும்படி சொன்னாள். அப்பாவிடம் போயிட்டு வாரேன் என்றேன். பாத்துப் போ என்றார், சிரித்த முகமாகவே. போன இரண்டு தடவையும் போல இதுவும் திரும்பி வந்துவிடும் என்ற தைரியம்.

ஓட்டலில் ஊர்ப்பட்ட பெண்கள். காயல்பட்டினம், திருச்செந்தூர், நாசரேத், அங்கே கோவில்பட்டி வரைக்கும் வந்திருந்தார்கள். எல்லோரும் பழக்கமில்லாத குதிகால் செருப்பில் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தோம். சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார்கள். குதிகாலைத் தூக்கி, சுவரில் மேலே ஒட்டியிருந்த கோட்டைக் கையால் எட்டித் தொடச் சொன்னார்கள். மேல் அலமாரியிலிருந்து சேமியா பாக்கெட் எடுத்து எடுத்து எனக்கு அது பழகிய வேலை, தொட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

கடைசி அறையில் இரண்டு பேர். பிரேமா என்று பெயர் அட்டை குத்தியிருந்த மேடம், சிவப்பிரகாஷ் என்ற சார். சார்தான் பயணி. விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது, யாரும் எழுந்திருக்கக் கூடாத நேரம் என்று மேடம் சூழ்நிலையைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். மேலே பையில் அவருடைய அம்மாவின் மாத்திரை இருக்கிறதாம், உடனே எடுக்க வேண்டுமாம், எடுத்தே தீருவாராம்.

என் வாய் எனக்கு முன்னாலேயே கடையைத் திறந்துவிட்டது. "இந்தா ஒரு நிமிஷம் சார், இப்ப எடுத்துரலாம், பாப்போம்…"

பாப்போம்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து என் காதிலேயே விழுந்ததும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சார் மீது இல்லை. நான்கு வருஷமாக இந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று நடந்துகொண்டிருக்கும் வாடிக்கைக்காரி நான்தானே. முதல் நாளே அப்பா முடியாது என்றிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். ஒரு ஆளை இப்படி நடுவழியில் நிற்க வைப்பதற்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? பாப்போம் என்றதும் சார் பையின் மீது கையே வைத்துவிட்டார்.

"இல்ல சார்" என்றேன். குரல் கடையில் லாரிக்காரர்களைக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. "இப்ப எடுக்க முடியாது. உக்காருங்க. பெல்ட்டப் போடுங்க. தரையத் தொட்டு நின்னதும் நானே வந்து எடுத்துத் தாரேன்."

சார் உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே பெல்ட்டைத் தேடினார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிரேமா மேடம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டு, வீட்டில் சம்மதித்துவிட்டார்களா என்று தமிழில் கேட்டார். தேர்வானவர்கள் பாதிப் பேர் வீட்டில் விடவில்லை என்று பின்வாங்கிவிடுகிறார்களாம். முந்தைய உமாராணியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் மேடம் என்று ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்திருப்பாள்.

"இல்ல மேடம்" என்றேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. "இன்னைக்குப் போய்க் கேக்கப் போறேன்."

சாயங்காலம் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துத் தேர்வானவர்களின் பெயரை வாசித்தார்கள். என் பெயரும் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணை, யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆட்டோவை நேரே கடைக்கு விடச் சொன்னேன். விளக்கு வைக்கும் நேரம். நேரம் பார்த்துத்தான் போனேன், அதை மறைப்பானேன். அப்பா லட்சுமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு அப்போதுதான் தராசுக்கு முன் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எனக்கு வேல கெடச்சிருச்சி. டெல்லிப் பக்கம் டிரெயினிங். நான் போவட்டுமா?" அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். "பாப்போம்னு மட்டும் சொல்லக் கூடாது. விட மாட்டேன்னா, இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். லட்சுமியைப் பார்த்தார். எரிந்துகொண்டிருக்கிற விளக்கைப் பார்த்தார். எப்பேர்ப்பட்ட இடத்தில் மடக்கிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பாப்போம் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில், அந்தக் கடைக்குள் இருந்துகொண்டு, இன்னொரு சொல்லையும் சொல்ல முடியாது. மிச்சம் சரி ஒன்றுதான். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். படி இறங்கி, செருப்புக்கூடப் போடாமல், நேரே தெருவுக்குப் போய் நின்றார்.

கடைக்கு வெளியே. அங்கே லட்சுமி கிடையாது, விளக்கு கிடையாது. தெருவில் நின்று எவரும் எதையும் சொல்லலாம். நான் செய்தது கெட்டிக்காரத்தனமே இல்லை, அவரிடமிருந்து அந்தச் சொல்லை நானே பிடுங்கப் போகிறேன் என்று தோன்றியது. வேண்டாம் அப்பா, பாப்போம் என்றே சொல்லிவிடுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். ஒரு மினிலாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது. வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் திறந்தார்.

அப்போது முத்துக்கனி அக்கா பையை வீசிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, கடைய விட்டுட்டு நடு ரோட்டுல நிக்கிய?"

அப்பா அக்காவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். என் கொண்டை அவிழ்ந்து பாதி முதுகில் கிடந்தது. என் உதட்டுச் சாயம் எங்கெங்கோ போயிருந்தது.

"நம்ம உமாவுக்கு பிளேன்ல வேல கெடச்சிருக்கு முத்துக்கனி" என்றார் அப்பா. "டெல்லிக்குப் போறா."

சொல்லிவிட்டு, மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே படியேறி வந்து, தராசின் முன் உட்கார்ந்து, அங்கே சோறு கிடைக்குமா வெறும் ரொட்டிதானா என்று என்னிடம் கோபமாகக் கேட்டார். நான் கடைக்குள் நின்றுகொண்டு அழுதேன்.

இப்போது பயிற்சி விடுதியில் இருக்கிறேன். முழுசாக நான்கு மாதம், நடுவில் லீவு கிடையாது, அது அப்பாவுக்கும் தெரியும். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் போடுவேன். அப்பா போனைக் காதில் வைக்க மாட்டார், ஸ்பீக்கரில் போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் பொட்டலம் மடிப்பார். பேச்சு குறைவு. புளி கட்டுகிற சத்தம், சில்லறைச் சத்தம், தெருவில் போகும் வண்டிச் சத்தம் எல்லாம் எனக்கு இங்கே கேட்கும். அதற்காகத்தான் போடுகிறேன்.

நேற்று அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு தோணிக்காரர் கடைக்கு வந்தார். கடலில் கிடந்துவிட்டு ரொம்ப நாள் கழித்து வந்திருப்பார் போல. பற்றுக் கணக்கு பார்க்க எப்போதும் என்னிடமே வந்து நிற்கிற ஆள்.

"எங்க அண்ணாச்சி, உமா இல்லயா?"

சணல் அறுபடும் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து அப்பாவின் குரல் வந்தது, சீனி தீர்ந்த அன்றைக்குச் சொல்வாரே, அதே குரல்.

"நாளைக்கு வருவா."