ஈர்க்குச்சி என்று எழுதியிருந்தேன்

1

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் மனோகரன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், வஹீதுன்னிசா சொன்ன ஒரு பேச்சிலிருந்து தொடங்கியது. நான்தான் வாயைக் கொடுத்தேன். அவர் செய்து எடுத்துவந்திருந்த புகையிலை பைப்பைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கழுத்து இன்னும் கொஞ்சம் மெலிசா போலாமேம்மா" என்றேன். அவர் பையை மூடிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"போலாம்ணா. மெலிசா ரெண்டு செஞ்சு ஊட்டுலயே வச்சிகீறேன். எடுத்தாரத்தான் பயமா கீது."

இதில் கதை எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆறு நாளாக, கண் விழித்தால் அந்தப் பேச்சு பாயில் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. (அலங்காரம். மனோகரன் பார்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வார். பிறகு தேய்க்கிறேன்.)

2

தொடக்க வரி, முதல் முயற்சி: "1989 ஆகஸ்ட் மாதத்தின் புழுக்கமான ஒரு காலையில், மரத்துக்குள் ஒளிந்திருக்கும் அழகைத் தேடி ஏழு பேர் —"

அடித்துவிட்டேன். யாரும் அழகைத் தேடவில்லை. டீயைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது முயற்சி: "கஜபதி ஒரு நல்ல மனிதன். அவன் —"

கஜபதி என்பது நான். அதனால் இதையும் அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். நாங்கள் ஏழு பேர் ஞாயிறுதோறும் கூடி, கையால் செய்த புகையிலை பைப்புகளில் குறை கண்டுபிடிக்கிறவர்கள். ஏழு பேரும் செய்கிறவர்கள்; ஒருவரும் பைப் பிடிக்கிறவர் இல்லை. பால்ராஜ் மட்டும் பீடி குடிப்பார் என்பதால், புகை சரியாக வருகிறதா என்று பற்றவைத்துப் பார்க்கிற வேலை அவருடையது. மனோகரன் ஆவடி தொழிற்சாலையில் டர்னர், திருநெல்வேலிக்காரர். ஒருமுறை அங்கே வந்த வெளியூர் எஞ்சினியர் ஒருவரின் பைப் உடைந்துபோக, இவர் லேத்தில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். எஞ்சினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரே ஒரு குறை சொன்னாராம். பாராட்டியிருந்தால் மனோகரன் அன்றைக்கே மறந்திருப்பார். குறை சொன்னதால் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

வஹீதுன்னிசா பூந்தமல்லியில் சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். கட்டில் கால், சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைவார். ஒரு கட்டில் காலை வாங்கப்போன மனோகரன், அந்தக் காலையே ஐந்து நிமிஷம் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, இவரையும் எங்களோடு சேர்த்துவிட்டார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல்ரூம் வேலை. ஓய்வு நேரத்தில் கதை எழுதிச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்வேன். மீதி மூன்று பேருக்கு இந்தக் கதையில் வேலையில்லை. கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் வட்டத்துக்குச் சில விதிகள் உண்டு. பைப் அதைச் செய்தவரின் வலது பக்கத்தில் புறப்பட்டு, கை மாறி மாறி, இடது பக்கமாகத் திரும்பி வரும். வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்ல வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த வாரம் எல்லோருக்கும் போண்டா. பைப் தன் கைக்குத் திரும்பும்வரை செய்தவர் வாயைத் திறக்கக்கூடாது. கழுத்துக்குள் ஓடும் துளை கிண்ணத்தின் அடியில் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க ஈர்க்குச்சிதான் விட வேண்டும், இரும்பு கூடவே கூடாது. ஈர்க்குச்சி முட்டினால் தான் உடையுமே தவிர மரத்தை உடைக்காது. துடைப்பத்தில் இன்னொன்று இருக்கிறது.*

* இந்த விதியை எழுதியது நான்தான். நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

3

1989 ஆகஸ்டில் மனோகரனின் மைத்துனர் கப்பலிலிருந்து வந்தபோது ஒரு மரக்கட்டை கொண்டுவந்தார். பிரையர். எங்கோ கடலோர மலைகளில் வளரும் புதரின் வேர்க்கட்டை. உலகத்தில் நல்ல பைப்பெல்லாம் அதில்தான் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதுவரை புளிய மரத்திலும் கொய்யா மரத்திலும் செய்துகொண்டிருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். ஒரே ஒரு கட்டை. அடுத்த ஞாயிறு யாருடைய பைப்பில் குறை மிகக் குறைவோ அவருக்குத்தான் என்று முடிவானது.

அன்றைக்கு என் பைப்புக்கு ஒரே ஒரு குறை வந்தது. கட்டை எனக்குத்தான் என்று இருந்தேன். கடைசியாக வஹீதுன்னிசா தன்னுடையதைத் துண்டிலிருந்து எடுத்தார். கொய்யா மரம். அந்தக் கழுத்தைப் போல மெலிந்த கழுத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. முதல் மூன்று பேரும் குறை இல்லை என்றார்கள். மனோகரன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணும் அம்புடலவே" என்றார்.

பால்ராஜ் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். "மாமே, இதுல கொறையே இல்லன்றதுதான் கொறை. போண்டாக்கு வழி பண்ணிடுவாங்க போலகீது!"

கிண்ணத்தைத் தட்டி என்னிடம் கொடுத்தார். வஹீதுன்னிசாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். அவருக்குத் திரும்பும் முன் கடைசிக் கை என்னுடையது. வெளிச்சத்துக்காகக் கதவுப் பக்கம் திரும்பி, வாய்க்குழாயைக் கழற்றிவிட்டு, விதிப்படி ஈர்க்குச்சியை உள்ளே விட்டேன். கழுத்தின் விளிம்பில் ஒரு விரிசல் தெரிந்தது. சொன்னேன்.

விரிசல் விட்ட பைப்புக்குப் போட்டியிலேயே இடமில்லை. பைப் தன் கைக்கு வந்ததும் வஹீதுன்னிசா விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார். "சுவரை ரொம்ப மெலிசா உட்டுட்டேன். என் கை தப்புதான்" என்றார்.

4

அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த பைப்பின் கழுத்து என் கட்டைவிரல் பருமன் இருந்தது. அதற்கு அடுத்தது அதைவிடத் தடிமன். துளை நேராக இருக்கும், கிண்ணம் அழகாக இருக்கும், நடுவில் ஒரு கட்டில் கால் இருக்கும். யாராவது தடிமனாகச் செய்துவிட்டால் "வஹீதா கழுத்து" என்று சொல்கிற அளவுக்கு அது எங்களுக்குள் பேராகிவிட்டது.

"இன்னாமா, பைப்பு கேட்டா பம்பு செட்டு செஞ்சினு வந்துகிற!" என்பார் பால்ராஜ். எல்லோரும் சிரிப்போம். வஹீதுன்னிசாவும் சிரிப்பார். நானும் சிரித்தேன். ஏழு வருஷம் சிரித்திருக்கிறேன்.

பிரையர் கட்டை என்னிடம்தான் இருக்கிறது. ஒரு சீவல்கூட எடுக்கவில்லை. கேட்டால், இன்னும் காய வேண்டும் என்பேன்.

"ஏழு வருசமா காயுறதுக்கு அது என்ன கருவாடாவே?" என்று போன மாதம்கூட மனோகரன் கேட்டார்.

5

மூன்றாம் பகுதியில் ஈர்க்குச்சி என்று எழுதியிருந்தேன். அது ஈர்க்குச்சி இல்லை.

(இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்திருக்கிறேன். "அன்று எனக்கு உடம்பு சரியில்லை" என்று தொடங்கியது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது.)

அது சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. முதலில் ஈர்க்குச்சியைத்தான் விட்டேன். தடையில்லாமல் போய்க் கிண்ணத்தின் அடியில், எங்கே வர வேண்டுமோ அங்கே வந்து நின்றது. குறை இல்லை என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சட்டைப் பையில் கம்பி இருந்தது. வீட்டில் என் பைப்புகளுக்கு அதைத்தான் விடுவேன். எங்காவது ஒரு மயிரளவு கோணல் இருக்காதா என்று அதை உள்ளே விட்டேன். அதுவும் நேராகப் போனது. அப்படியே நெம்பினேன்.

டிக்.

வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பில் கோடு. வேண்டுமென்று உடைத்தேனா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன வந்தது என்று தெரியும். பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. இதை எழுதுகிறபோது காது சுடுகிறது. "விரிசல் இருக்கு" என்று நான் சொன்ன குரலில் வருத்தம்கூட இருந்தது, கதை எழுதுகிறவன் இல்லையா!

அவர் கையில் அன்று ஒரு தப்பும் இல்லை. ஏழு வருஷமாகத் தன் கையை நம்பாமல் அவர் தடிமன் தடிமனாகச் செய்தது நான் சொன்ன ஒரு பொய்யால்.

இதுதான் கதை. மேலே உள்ளதெல்லாம் கழுத்துத் தடிமன்.

6

முடிவுக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் வஹீதுன்னிசாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. பழைய விரிசல் கறுத்திருக்கும், புதிய விரிசல் வெளுத்திருக்கும், மரம் கடைகிறவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் பெருந்தன்மையாக இருந்துவிட்டார். படிக்க இதமாக இருந்தது. எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்ததால் கிழித்துவிட்டேன். தெரிந்திருந்தால் ஏழு வருஷம் எதற்குப் பயப்படுகிறார்?

இரண்டாவதில் அவர் கட்டையைத் தூக்கி என் மேல் எறிகிறார். இதை எழுதும்போது கை சுறுசுறுப்பாக ஓடியது. தண்டனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதும் ஒரு சௌகரியம்தான்.

மூன்றாவதில் நான் ஒன்றும் சொல்லாமல், தபாலில் கட்டையை மட்டும் அனுப்பி — வேண்டாம்.

நேற்று மாலை ஷிப்ட் முடிந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். வீட்டு முன்கட்டுதான் பட்டறை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்திவிட்டு வந்தார், முந்தானையெல்லாம் மரத்தூள்.

"இன்னாண்ணா, இவ்ளோ தூரம்?"

"அந்த ரெண்டு மெலிசையும் நாளன்னைக்கு எடுத்துட்டு வாங்கம்மா."

"திரும்பியும் விரிசல் உட்டா?"

"விடாது."

"நீங்க எப்டிண்ணா அவ்ளோ கரீட்டா சொல்றீங்க?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "ஞாயித்துக்கெழம தெரியும்" என்றேன். "பாக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப்போனார். போகிற போக்கில், உள்ளே வீட்டுப் பரணைப் பார்த்து ஒரு தடவை சிரித்ததை நான் கவனித்தேன். எனக்கு அது போதும். ஏழு வருஷம் நான் கெடுத்தும் அந்தக் கை கெடவில்லை, யாருக்கும் காட்டாமல் மெலிசாகச் செய்துகொண்டிருக்கிறது.

7

நாளை ஞாயிறு. இந்தத் தாள்களையும் பிரையர் கட்டையையும் ஒரே துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். என் முறை வரும்போது பைப்புக்குப் பதில் இதைத்தான் வட்டத்தில் விடப்போகிறேன். நாங்கள் இன்னும் அதே இடங்களில்தான் உட்காருகிறோம். நான் அவருக்கு இடப்பக்கம் என்றால் அவர் எனக்கு வலப்பக்கம். அவருடையது என்னிடம் கடைசியாக வந்தது; என்னுடையது அவரிடம்தான் முதலில் போகும்.

அவர் என்ன சொல்வார் என்று எழுத மாட்டேன். ஒருமுறை அவர் செய்ததில் கை வைத்தது போதும்.

உங்களுக்கும் ஒரு மணை போட்டிருக்கிறேன், என் இடப்பக்கம். கதை எல்லோர் கையையும் சுற்றி உங்களிடம்தான் கடைசியாக வரும். அதற்குள் அவர் படித்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். அவர் முகத்தையும், பையைத் திறந்து அந்த இரண்டையும் வெளியே எடுத்தாரா என்பதையும் நீங்கள்தான் பார்த்திருப்பீர்கள்.

குறை இருந்தால் சொல்லுங்கள். இருக்கிறது. "நல்லா இருக்கு" என்று சொன்னால் போண்டா உங்கள் பொறுப்பு. ஆனால் ஒன்று, அது கடைசிக் கை. அந்த இடத்தில் உட்காருகிறவர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

துடைப்பம் கதவோரம் இருக்கிறது. ஒரு ஈர்க்குச்சி உருவிக்கொள்ளுங்கள். இது என் கைக்குத் திரும்பும்வரை நான் பேசக்கூடாது.