என் கால் எட்டாத பாட்டு

எங்கள் பாட்டைக் கேட்பவர்களில் இரண்டே ரகம்தான். ஒன்று, முதல் நிமிடத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்கள். இன்னொன்று, ஆயுளுக்கும் எங்களை விடாதவர்கள். நடுவில் யாரும் கிடையாது. "அந்த ரெண்டாவது ரகம் மொத்தமும் சேர்ந்தா ஒரு வேன் நிறையுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் முதல் ரகம்.

பவர் மெட்டல் என்று பெயர். கிடாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும். அதற்கு மேலே பாடகியின் குரல் ஏறிக்கொண்டே போகும். வரிகளில் கோட்டை, வாள், போர்க்குதிரை, நெருப்புக் கக்கும் டிராகன். வேகம் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு சுரமும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக விழவேண்டும். மெட்டல் கேட்கிறவர்களிலேயே பாதிப்பேர் எங்களைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவன் 'ரொம்ப இனிப்பு' என்பான். இன்னொருவன் 'வெறும் விரல் வித்தை, உயிரே இல்லை' என்பான். உயிர் இல்லையாம்! என் இடத்தில் வந்து ஒரு பாட்டு உட்கார்ந்து பார்க்கட்டும், உயிர் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று தெரியும்.

நான் டிரம்ஸ். பகலில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். கை மேசைமேல் வேலை பார்க்கும், கால் இரண்டும் மேசைக்கடியில் தாளம் போடும். "அம்மா தாயே, கடை ஆடுது" என்று முதலாளி முன்னாலிருந்து குரல் கொடுப்பார். கிடார் என் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பாடுகிறவள் என் நாத்தனார், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேஸ் கிடார் ஒரு தபால்காரர். அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது குறைவு. "ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி, நடுவுல மச்சான். நான் எங்கடா போவேன்?" என்று என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

சிக்கல் தம்பியின் புதுப் பாட்டால் வந்தது. அவன் குடியிருக்கும் கட்டடத்தில் அக்கம்பக்கத்தார் புகார் செய்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் அந்தப் பாட்டைக் கட்டினான். ஞாயிறு எங்கள் கடையில் கூட்டம் அலைமோதும் நாள். அதனால் அவன் வாசித்து நான் கேட்டதே இல்லை. முடித்ததும் ஒலிப்பதிவை எங்கள் மூவருக்கும் அனுப்பினான். கூடவே, "அக்கா, இது நம்மளோட பெஸ்ட்" என்று ஒரு செய்தி.

கேட்டேன். புல்லரித்துப் போனது. ஏழு நிமிடப் பாட்டு, அப்படி ஒரு மெட்டு. அப்படி ஒரு வேகம்! என் டபுள் பெடலில், அதாவது பெரிய டிரம்மை இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கிற இரட்டை மிதியில், அன்றைக்கே உட்கார்ந்தேன். முதல் சரணம் தாண்டவில்லை. கால் பின்னிக்கொண்டது.

சரி, பழகினால் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. மாதக்கணக்கில் பழகினேன். கெண்டைக்கால் கல்லாகிப் போனது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். பயிற்சியில் நான்கு பேரும் சேரும்போது பழைய பாட்டுகளையே வாசித்தோம். புதுப் பாட்டை யார் எடுத்தாலும், "அவங்கவங்க வீட்ல நல்லா பழகிட்டு வரலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் நான்தான் சொன்னேன். தம்பியும் சட்டென்று தலையாட்டுவான். என் கஷ்டம் அவனுக்குத் தெரிந்துவிட்டது, பாவம் பார்க்கிறான் என்று எனக்குள் எரியும்.

வயது நாற்பத்து மூன்று. பச்சை குத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டு டிரம்ஸும் வாசிக்கும் ஒரு பொடியன் இருக்கிறான், இருபது சொச்சம்தான் இருக்கும், அவன் கால்கள் இந்த வேகத்தைத் தாங்கும். அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்ய இரண்டு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை குறித்திருந்தோம். அவனை உட்கார வைத்துவிட்டு விலகிக்கொள்வது என்று முடிவு செய்தேன். பெடலைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. கடையில் யாரோ ஒருவருடைய லென்ஸை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டு, அதைப் பார்த்து விக்கி விக்கி அழுதேன். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? கண்ணாடி தேய்க்கிறவள், சமைக்கிறவள், துவைக்கிறவள். அந்த டிரம்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் நான்.

அந்த ஞாயிறு கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். தம்பிக்குப் போன் செய்து சொல்லிவிடவேண்டும். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று சமையலறையில் அந்தப் பாட்டைச் சத்தமாக ஓடவிட்டேன். என் வீட்டுக்காரர் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியதும் முகத்தைச் சுளித்தபடியே முட்டைகளை உள்ளே போட்டார். பாட்டு முடிந்ததும் அடுப்பை அணைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, ஒன்றை எடுத்து உரித்தார். மஞ்சள் கரு கொழகொழவென்று விரல் வழியே வழிந்தது.

"சே! என்ன கருமம் இது? வேகவே இல்ல!"

"கொஞ்ச நேரம் கூட வச்சிருக்கணும். கடிகாரத்தைப் பாத்தீங்களா?"

"கடிகாரம் எதுக்கு? பாட்டு முடிஞ்சா வெந்திருக்கணும்."

"என்ன சொல்றீங்க?"

"உன் தம்பி இங்க உக்காந்து வாராவாரம் இதைத்தானே போட்டு உருட்டினான்? எப்படா முடியும் எப்படா முடியும்னு உக்காந்திருப்பேன். சும்மா உக்காருறதுக்கு முட்டையாவது அவிப்போம்னு ஆரம்பிச்சேன். அவன் ஆரம்பிக்கும்போது போட்டு முடிக்கும்போது எடுத்தா கரு கெட்டியா, அம்சமா இருக்கும். ஒரு வாரம்கூடத் தப்புனதில்ல." வழிந்த கையைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தார். "நடுவுல எதையாச்சும் வெட்டிட்டானா? அப்படின்னா சந்தோஷம்."

எதையும் வெட்டியதாகத் தெரியவில்லை. வெட்டாமலே பாட்டு சுருங்கியிருந்தால், வேகம்தான் கூடியிருக்க வேண்டும். தம்பியைப் போனில் பிடித்தேன்.

"டேய், அந்தப் பாட்டை என்ன வேகத்துல பண்ணினே?"

"ஏன்க்கா?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"நூத்தித்தொண்ணூறு பீட். நிமிஷத்துக்கு."

"எங்களுக்கு அனுப்பினது?"

"அதேதான்... இரு." கம்ப்யூட்டர் திறக்கும் ஓசை. பிறகு மவுஸ் சொடுக்கும் ஓசை, திரும்பத் திரும்ப.

"டேய்! இருக்கியா?"

"அக்கா." "போன பாட்டோட ஃபைலைத் திறந்து அதுக்குள்ளயே இதைப் போட்டு அனுப்பியிருக்கேன். அது இருநூத்திருபது. மென்பொருள் இதையும் தானா இழுத்து அந்த வேகத்துக்குக் கொண்டு போயிருச்சு. வேகம் கூடினாலும் சுருதி மாறல. அதனால எனக்கும் தெரியல."

போன பாட்டில் கால்களுக்குப் பாதி வேலைதான். இதில் முழு வேலை. மனுஷனாகப் பிறந்தவன் அடிக்க முடியுமா அதை?

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். மடையன், அரைக்கிறுக்கன், லிஃப்டுக்குள் தலையை விட்டவன். கடைசியில் பார்த்தால் அழுகிறான்.

"அக்கா, நான் கிடாரை விக்கப் போட்டிருந்தேன். ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டான். நானே வாசிச்சது என்னாலயே வாசிக்க முடியல. கை போச்சுன்னு நினைச்சுட்டேன். சனிக்கிழமை உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு..."

"அப்போ பயிற்சில ஏன்டா தலையை ஆட்டினே?"

"நீ தள்ளிப் போடச் சொன்னப்போ தப்பிச்சேன்னு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேறு எந்தப் பாட்டுக்காரர்களாக இருந்தாலும் கேட்ட அன்றைக்கே 'என்னப்பா, ஃபைல் கோளாறா?' என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு மட்டும்தான் அது சந்தேகமே இல்லாமல் பாட்டாகக் கேட்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே வாடகை அறையில் கூடினோம். நான் அங்கேயே இருந்த பெடலில் உட்கார, சரியான வேகத்தில் வாசித்தோம். வேகம்தான், நுரை தள்ளும் வேகம்தான், ஆனால் என் கால்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. பல்லவி திரும்பி வந்தபோது தம்பி என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். முடிந்ததும் நாத்தனார் மைக்கை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணி, இப்பதான் எனக்கு மூச்சுவிட இடம் கிடைச்சுது. நுரையீரல்ல கோளாறுன்னு எங்க ஆஸ்பத்திரிலயே எக்ஸ்ரே எடுத்துப் பாத்தேன்." தபால்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் பாதி சுரம் விட்டுட்டுத்தான் பழகினேன்" என்றார். வாயைத் திறந்தாலும் திறந்தார், நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் வேண்டாம்னு விடப்போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பெடல் கட்டிலுக்கடியில கிடந்துச்சே. பெருக்கும்போது காலை இடிச்சுக்கிட்டேன்."

"ஜாலின்னு இருந்திருக்குமே. சத்தம் ஒழிஞ்சுதுன்னு."

அவர் செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"முதல் நாள் ஜாலியாதான் இருந்துச்சு" என்றார். "அப்புறம் நீ சாப்பிடல. என்னைத் திட்டக்கூட இல்ல. ஒரு வாரம் இந்த வீடு சாவு வீடு மாதிரி இருந்துச்சு. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காதுடி. இன்னைக்கும் பிடிக்காது. ஆனா நீ அப்படி உக்காந்திருந்ததை என்னால பாக்க முடியல."

நான் ஓவென்று அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "போதும், போதும், போய் வாசி" என்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டைப் பிரித்துப் பெடலை மாட்டினேன். அவர் எழுந்து போய் அறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.